ஓர்க் ஏட்டும் நாங்களும்: 'பிரைட்' பார்த்த கதைகள்

மாடி ரூம்:
2017 டிசம்பர் 22, வெள்ளிக்கிழமை ராத்திரி. வேளச்சேரியில நாலு பேர் தங்கியிருந்த ரூம். நெட்ஃபிளிக்ஸ் கணக்கு ஒருத்தனோட அக்காவுது. அன்னிக்குத்தான் 'பிரைட்'ங்கிற இங்கிலீஷ் படம் அதுல வந்துச்சு. விமர்சகர்கள் ஏற்கெனவே துவைச்சுக் காயப்போட்டிருந்தாங்க. நாங்க பரோட்டா பார்சலைப் பிரிச்சு வச்சுட்டுப் போட்டோம், விடியற வரைக்கும் அதைப் பத்தியே பேசினோம். ஏறக்குறைய 9 கோடி டாலர் செலவாம். வந்த மூணே நாள்ல அமெரிக்காவுல மட்டும் 1.1 கோடிப் பேர் பார்த்ததா, பார்வையாளர்களைக் கணக்கெடுக்குற நீல்சன் நிறுவனம் சொல்லுச்சு. திட்டினவங்க ஒரு பக்கம், பார்த்தவங்க ஒரு பக்கம்.

பார்க்காதவங்களுக்கு: லாஸ் ஏஞ்சலஸ். மனுஷன், ஓர்க் (கோரைப்பல் நீட்டிக்கிட்டு இருக்குற கற்பனை இனம்), எல்ஃப் (கூர்க்காது வச்ச இன்னொரு கற்பனை இனம்) எல்லாரும் ஒரே ஊர்ல. வில் ஸ்மித் மனுஷப் போலீஸ் வார்டு. அவர் கூட ரோந்து போறவர் நிக் ஜகோபி, போலீஸ்ல சேர்ந்த முதல் ஓர்க். ஒரு மந்திரக்கோல் இவங்க கையில சிக்குது, ஊரே துரத்துது. அவ்வளவுதான்.

ஸ்டார் எல்லாம் போட வேணாம். எப்படிப் பார்த்தீங்க, எது மனசுல நின்னுச்சு, அதைச் சொல்லுங்க.

பசை டப்பா:
நான் சினிமாவுல மேக்கப் உதவியாளர். எனக்குக் கதை ரெண்டாம்பட்சம். நிக்கா நடிச்ச ஜோயல் எட்ஜெர்டன் முகத்தைப் பார்க்கவே மூணு தடவை ஓட்டினேன். ஒட்டுமுகத்துல முதல்ல கழலுறது வாயோரம். நடிகர் பேசப் பேச, வேர்க்க வேர்க்க விளிம்பு தூக்கிக்கும். நாங்க டச்சப் பெட்டியோட ஷாட்டுக்கு ஷாட் ஓடுவோம். இதுல அவர் படம் முழுக்கப் பேசுறார், கோபப்படுறார், அசடு வழியுறார். அவ்வளவு கனத்துக்கு அடியில இருந்து அந்த அசட்டுத்தனம் வெளியே வருது பாருங்க, அங்கேதான் நான் விழுந்தேன். வில் ஸ்மித்துக்கு மேக்கப்பே இல்லை, ஆனாலும் முகமூடி போட்டவர் மாதிரி இருந்தது அவர்தான். அடிக்க வராதீங்க.

டிராகன் எங்கடா:
ராத்திரி வானத்துல டிராகன் ஒண்ணு பறந்து போகும். ஒரு சீன்ல குதிரை உடம்போட ஒரு போலீஸ் நிப்பார். இதைப் பத்தியெல்லாம் ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டாங்க. கல்யாண வீட்டுல பந்தி பரிமாறிட்டு சாப்பிடாம எழுப்பிவிட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு.

ஃப்ரீவே:
நான் பத்து வருஷமா தெற்கு கலிஃபோர்னியாவுல இருக்கேன். படத்தோட ஆரம்பம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது. வசனமே இல்லாம, சுவர்ல ஸ்ப்ரே பெயின்ட்ல கிறுக்கினதை வச்சே யார் எந்தத் தெருவுல இருக்காங்க, யார் மேல யாருக்குக் கடுப்புன்னு சொல்லிடுவாங்க. இந்த ஊர் அப்படித்தான். ஃப்ரீவேல பதினஞ்சு நிமிஷம் ஓட்டினா வேற உலகம் வந்துடும். டைரக்டர் டேவிட் அயர் இந்த ஊர்ப் போலீஸ் கார்லயே குடியிருந்தவர் மாதிரி எடுப்பார். 2012-ல அவர் எடுத்த 'எண்ட் ஆஃப் வாட்ச்' படத்துலயும் பாதிக்கதை ரெண்டு போலீஸ் கார்ல உட்கார்ந்து பேசுறதுதான்.

ஆனா எனக்கு ஒரு பெரிய முரண்டு உண்டு. ஓர்க்குகளை ஏன் வெறுக்குறாங்க? ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி அவங்க முன்னோர் இருள் அரசன் பக்கம் நின்னு சண்டை போட்டாங்களாம். கதைப்படி அது நிஜமாவே நடந்தது! இந்த ஊர்ல 1991-ல ராட்னி கிங்ங்கிற கறுப்பரைப் போலீஸ் அடிச்ச வீடியோ வந்துச்சு. அடிச்சவங்களை மறுவருஷம் கோர்ட் விட்டதும் ஊர் பத்தி எரிஞ்சுது. அந்த வெறுப்புக்குப் பின்னால எந்த இருள் அரசனும் இல்லை. ஒதுக்கப்பட்டவனைப் பத்திப் படம் எடுக்கணும்னு கிளம்பி, ஒதுக்குறவன் கையில ஒரு காரணத்தையும் கொடுத்துட்டாங்க. அதோட கறுப்பர், லத்தீனோ எல்லாரும் படத்துல அப்படியே இருக்காங்க. அப்ப ஓர்க் யாரு? யோசிக்க யோசிக்க நூல் பிரியுது.

மனுஷப் போலீஸோட வேத்துலக ஜோடின்னா 1988-லயே 'ஏலியன் நேஷன்' இதே ஊர்ல வச்சு எடுத்தாச்சு. புதுசுன்னு யாரும் சொல்லிடாதீங்க.

ஏட்டு மகன்:
மேல சொன்னவர் லாஜிக் சரி. எனக்கு வேற மாதிரி ஆச்சு.

எங்க அப்பா போலீஸ்ல 31 வருஷம், ஏட்டாத்தான் ரிட்டயர் ஆனார். எங்க தெருவுல இருந்து காக்கி போட்ட முதல் ஆள் அவர். ஸ்டேஷன்ல அவருக்குன்னு தனி டம்ளர் இருந்த காலம் உண்டு. அவரே வாங்கி வச்சதுன்னு சொல்வார், நாங்களும் அதுக்கு மேல கேட்க மாட்டோம். லீவுல ஊருக்கு வந்தா திண்ணையில பேச்சு நின்னுடும். "வந்துட்டாருய்யா, வாயை மூடு." அவரைத் தங்கள் ஆளுன்னு அங்கயும் சொல்லலை, இங்கயும் சொல்லலை.

லாக்டவுன்ல இந்தப் படத்தைப் போட்டேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது, நான் பக்கத்துல உட்கார்ந்து சொல்லிக்கிட்டே இருந்தேன். உள்விசாரணைக்காரங்க வார்டைக் கூப்பிட்டு, நிக்கோட வாயைக் கிளறி ரகசியமா ரெக்கார்டு பண்ணச் சொல்வாங்கல்ல? அது அப்பாவுக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே புரிஞ்சுது. "கூட டூட்டி பாக்குறவனை விட்டே எழுதி வாங்குவானுங்க"ன்னார்.

அப்புறம் கேட்டார், "இவன் பல்லு மட்டும் ஏன் மொட்டையா இருக்கு? மத்தவனுக்கெல்லாம் நீட்டிக்கிட்டு இருக்கே?"

"ராவிக்கிட்டான்பா. மனுஷங்க மாதிரித் தெரியணும்னு."

அவர் ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழிச்சு, படத்தைப் பார்த்துக்கிட்டே, "நானும் டிரெயினிங்ல பேச்சை மாத்திக்கிட்டேன்ல. நம்ம தெருப் பேச்சு வாயில வந்துடக் கூடாதுன்னு ஆறு மாசம் பேசவே இல்லை"ன்னார். நான் ஏதோ வசனம் சொல்லிக்கிட்டு இருந்தேன், நிறுத்திட்டேன். வீட்ல பேசுறப்பவும் அவர் எழுதி வச்சுப் படிக்கிற மாதிரித்தான் பேசுவார். அது அவர் சுபாவம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன் நான், நாப்பது வயசு வரைக்கும்.

பசை டப்பா:
அண்ணே. அந்தப் பல்லு செட்டைப் பத்தி எழுதலாம்னு இருந்தேன். இப்ப வேணாம்.

ஃப்ரீவே:
என் முரண்டு அப்படியே இருக்கு. ஆனா உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். கடைசியில நிக் நெருப்புக்குள்ள ஓடி வார்டைத் தூக்கிட்டு வந்த பிறகுதானே அவனை ஓர்க்குகள் தங்கள் ஆளா ஏத்துக்கிறாங்க? அந்த இடத்துல அப்பா என்ன சொன்னார்?

ஏட்டு மகன்:
அதுக்கு முன்னாடியே தூங்கிட்டார். நான் எழுப்பலை. கடைசியில பதக்கம் கொடுக்குறப்ப கைத்தட்டல் சத்தத்துல முழிச்சார். யூனிஃபார்மை மேலேயிருந்து கீழே வரைக்கும் பார்த்தார்.

"இவனுக்கு பிரமோஷன் உண்டா?"

"படத்துல சொல்லலைப்பா."

"அப்ப கிடைச்சிருக்காது"ன்னு சொல்லிட்டு மாத்திரை போட எழுந்து போயிட்டார்.