முதியோர் இல்லம்: தனி அறை ஒன்றுதான் இருக்கிறது, தொற்று வந்தால் எப்படிச் சமாளிப்பது?

வெள்ளவத்தை_இல்லம்:
இரண்டு மாடி வீடு. 16 முதியோர், பகலில் 5 பணியாளர், இரவில் 2 பேர். கோவிட் மாதிரி இன்னொன்று வந்தால் என்ன செய்வது என்று இப்போதே எழுதிவைக்கிறோம். குளியலறையோடு உள்ள தனி அறை கீழே ஒன்றுதான். யாரை எப்போது அதற்குள் மாற்றுவது? காற்றுக்கு என்ன செய்வது? குளோரின் எவ்வளவு?

தாதி_கொழும்பு6:
முதியவர்களுக்கு 38 டிகிரி வரட்டும் என்று காத்திருந்தால் பிந்திவிடும். வாயில் வைத்துப் பார்க்கையில் ஒருமுறை 37.8-க்கு மேல், அல்லது 37.2-க்கு மேல் திரும்பத் திரும்ப, அல்லது அவருடைய வழமையான அளவைவிட 1.1 கூட: எது வந்தாலும் தனி அறை. வழமையான அளவு தெரிய வேண்டுமே, அதனால் எல்லோரும் சுகமாக இருக்கும் இந்த நாட்களில் ஒரு கிழமை காலை மாலை எடுத்துக் கொப்பியில் எழுதுங்கள். விரலில் மாட்டி இரத்த ஒக்சிஜன் பார்க்கும் ஒக்சிமீட்டர் அளவையும்தான். பனடோல் கொடுக்க முன்னர் எடுக்க வேண்டும். மூட்டுவலிக்குத் தினமும் போடுபவரின் காய்ச்சல் அமுங்கிவிடும். சாப்பாட்டைத் தள்ளிவைப்பது, திடீரென்று தடுமாறிப் பேசுவது, விழுவது, சிலருக்கு இவைதான் முதல் அறிகுறி. ஒக்சிமீட்டர் குறைத்துக் காட்டினால் குளிர்ந்த விரலைத் தேய்த்துச் சூடாக்கி, நகப்பூச்சை அழித்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்பவும் 94-க்குக் கீழே, மூச்சும் வாங்குகிறது என்றால் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள்.

ஜன்னல்_காற்று:
கதவைச் சாத்தி, ஜன்னலில் காற்றை வெளியே தள்ளும் எக்ஸோஸ்ட் ஃபேன் பூட்டுங்கள். பிறகு ஊதுபத்தி கொளுத்திக் கதவின் கீழ் இடுக்கில் பிடியுங்கள். புகை அறைக்குள் இழுபட வேண்டும். நடைபாதைப் பக்கம் வந்தால் பெரும்பாலும் குசினி எக்ஸோஸ்ட்தான் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. குசினி ஜன்னலைத் திறந்துவிட்டால் சரியாகும். சாதாரண ஸ்பிளிட் ஏசி அறைக் காற்றையே சுற்றவிடும், அதை நம்ப வேண்டாம். டெங்குப் பயத்தில் பின்னேரம் ஜன்னலைப் பூட்டுவது இங்கே வழக்கம். பூட்டாமல் நுளம்பு வலை அடியுங்கள். வலையில் தூசி அடைத்தால் காற்று போகாது, கழுவ வேண்டும்.

குளோரின்_கணக்கு:
போத்தலில் 5 சதவீதம் என்று இருந்தால் 20 மில்லிக்கு 980 மில்லி தண்ணீர், அது 0.1 சதவீதம், கைபிடி, சுவிட்ச், கட்டில் சட்டத்துக்கு. வாந்தி, இரத்தத்துக்கு 100 மில்லிக்கு 900. முதலில் சவர்க்காரத் தண்ணீரால் துடையுங்கள், அழுக்கே குளோரினைத் தின்றுவிடும். அன்றன்று கலந்து மிச்சத்தை ஊற்றிவிடுங்கள். டொய்லட் கழுவும் அசிட்டோடு சேர்ந்தால் நச்சு வாயு. வாசலில் ஆட்களுக்கு மருந்து அடிப்பது வெறும் கண்துடைப்பு.

வெள்ளவத்தை_இல்லம்:
நன்றி. இரவில் இருவர்தானே, யார் உள்ளே போவது?

தாதி_கொழும்பு6:
ஒருவர் மட்டும், அந்த ஷிஃப்ட் முழுக்க. தனியாள் முடியாத தூக்கல், புரட்டல் வந்தால் மற்றவரும் முழுப் பாதுகாப்பு உடுப்போடு போகலாம். கழற்றும்போதுதான் தொற்று கையில் ஒட்டும்: கையுறை, கவுன், கண்ணாடி, முகக்கவசம் வெளியே வந்து கடைசியில். ஒவ்வொன்றுக்கும் பிறகு கை கழுவ வேண்டும். பிளேன்ரீ குடிக்க எல்லோரும் சேர்ந்து முகக்கவசம் கழற்றும் அறையையும் கவனியுங்கள். இன்னொன்று, 2020-இல் வாஷிங்டன் மாநில இல்லங்களில் பரவியதற்குச் சொன்ன காரணங்களில் இரண்டு: சுகமில்லாமலே வேலைக்கு வந்தது, ஒரே ஆள் பல இல்லங்களில் வேலை செய்தது. காய்ச்சல் லீவுக்குச் சம்பளம் வெட்டினால் பனடோல் போட்டுக்கொண்டு வருவார்கள். அந்தச் செலவைத் திட்டத்திலேயே போட்டுவிடுங்கள்.