ஜைனுல் ஆபெதீன் எந்த நாட்டு ஓவியர்?

கரித்துண்டு:
ஆப்பிரிக்கா, தெற்காசியா, தென்கிழக்காசியாவின் நவீனக் கலை வரலாற்றைப் பல நாட்டு இளம் ஆய்வாளர்கள் ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள்: 2019 ஆகஸ்டில் ஹாங்காங்கில், 2020 பிப்ரவரியில் டாக்காவில். நடத்தியவை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம், ஹாங்காங்கின் ஏசியா ஆர்ட் ஆர்க்கைவ் என்ற கலை ஆவணக் காப்பகம், டாக்கா ஆர்ட் சம்மிட் என்ற கலைவிழா. நம் கலை வரலாற்றை இனி இப்படித்தான் எழுத வேண்டும் என்பேன்.

வடக்குவாசல்:
பணம் யாருடையது என்பதை விட்டுவிட்டீர்களே! லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி அறக்கட்டளையுடையது. இலை போடுகிறவர்தான் பந்தியில் யாரை உட்கார வைப்பது என்றும் முடிவு செய்வார். தெற்காசியாவைப் பற்றிப் பேச ஹாங்காங் எதற்கு?

கரித்துண்டு:
ஜைனுல் ஆபெதீனையே எடுத்துக்கொள்ளுங்கள். படித்தது கல்கத்தா அரசுக் கலைப்பள்ளியில். 1943 வங்கப் பஞ்சத்தில் அந்த நகரத்துத் தெருவோரங்களில் செத்துக்கொண்டிருந்தவர்களை மலிவான பொட்டலக் காகிதத்தில் கறுப்பு மையால் வரைந்தார். எலும்பு துருத்திய உடல், பக்கத்திலேயே காத்திருக்கும் காகம். 1948இல் டாக்காவில் கலைப்பள்ளி தொடங்கியபோது அது பாகிஸ்தான். 1976இல் அவர் இறந்தபோது வங்கதேசம். இவரை எந்த நாட்டுப் பாடப்புத்தகத்தில் அடைப்பீர்கள்?

ஓலைப்பெட்டி:
ஹாங்காங் எதற்கு என்று கேட்டவருக்கு: அம்ரிதா ஷெர்கில் 1941இல் இறந்தது லாகூரில். அவருடைய பெரும்பாலான ஓவியங்கள் இருப்பதோ டெல்லி தேசிய நவீனக் கலைக்கூடத்தில். லாகூர் மாணவி ஒருத்தி அவற்றை நேரில் பார்க்க விசா வேண்டும். அது எப்படிக் கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும். மூன்றாம் ஊரில் கூடுவது ஆடம்பரமில்லை, வேறு வழியில்லை.

வடக்குவாசல்:
விசா விஷயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெரிய நிறுவனம் இல்லாமலும் எல்லை தாண்டியிருக்கிறார்கள். மும்பையின் ஷில்பா குப்தாவும் பாகிஸ்தானின் ஹுமா முல்ஜியும் நடத்திய 'ஆர்-பார்' என்ற கலைத் திட்டம் நினைவிருக்கிறதா? 2002இல் படைப்புகளை மின்னஞ்சலில் அனுப்பி, எல்லைக்கு மறுபக்கத்தில் அச்சடித்துத் தெருவில் வைத்தார்கள். அறக்கட்டளை வரும்வரை ஓவியர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை.

ஓலைப்பெட்டி:
தெருவில் ஒட்டிய தாள் இரண்டு மழைக்குத் தாங்குமா? அப்படி ஒன்று நடந்தது என்று இன்று நீங்கள் சொல்ல முடிவதே யாரோ எடுத்து வைத்ததால்தான்.

வடக்குவாசல்:
எடுத்து வைப்பது யார், எந்த மொழியில் என்பதுதான் என் சண்டையே. என் மாமா 1970களின் சென்னைக் கண்காட்சிக் கையேடுகளை ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனார். ஓரமெல்லாம் கரையான். ஒன்றில் 400 ரூபாயை அடித்து 250 என்று பென்சிலால் திருத்தி, பக்கத்தில் 'தவணையிலும் தரலாம்' என்று தமிழில் எழுதியிருக்கிறது. அந்தக் காலத்து ஓவியர் எப்படிப் பிழைத்தார் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆங்கிலத்தில் நடக்கும் கருத்தரங்கில் இந்தப் பென்சில் வரிக்கு இடம் உண்டா?

கரித்துண்டு:
நீங்கள் பெட்டியைத் திறந்தால் உண்டு. கைப்பேசியிலாவது படமெடுத்து அனுப்புங்கள், கரையான் கருத்தரங்கு முடியும்வரை காத்திருக்காது.

வடக்குவாசல்:
எடுக்கிறேன். ஆனால் 'மொழி: பிற' என்று எவராவது பதிந்து வைத்தால் அன்றைக்கே திருப்பி வாங்கிக்கொள்வேன்.