பஞ்சுத் தூசு படியும் அலுவலகக் கணினிகளை உள்ளே எப்படிச் சுத்தம் செய்வது?

கேள்வி:
வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் அலுவலகக் கணினிகளைப் பராமரித்து வருகிறேன். தையல் கூடத்தை ஒட்டியே அலுவலகம் இருப்பதால், பஞ்சுத் தூசு சிபியுக்களுக்குள் புகுந்துவிடுகிறது. மதியத்திற்கு மேல் மின்விசிறிகள் இரைகின்றன. கணக்கு மென்பொருள் திறக்கவே தாமதமாகிறது. தையல் இயந்திரங்களுக்குப் பயன்படுத்தும் கம்ப்ரசர் காற்றையே இவற்றுக்கும் அடிக்கலாமா?

பதில் 1:
தயவுசெய்து வேண்டாம். அழுத்தப்பட்ட காற்றின் ஈரம் கம்ப்ரசர் தொட்டியில் நீராகத் தேங்கும். அந்த நீரும் கம்ப்ரசரின் எண்ணெயும் சேர்ந்து, பாகங்கள் எல்லாம் இணையும் முதன்மைப் பலகையான மதர்போர்டில் தெறிக்கக்கூடும். கையில் பிடித்து ஊதும் மின்சார புளோயரே போதும். பவர் கார்டைப் பிடுங்கியபின் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்துவிட்டு, சிபியுவை வெளியே கொண்டுபோய் ஊதுங்கள். அப்போது விசிறியின் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்வது மிக அவசியம். இல்லையெனில் அது அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடலாம், மோட்டாரில் உண்டாகும் மின்னழுத்தம் மதர்போர்டுக்குள் பாயவும் கூடும்.

பதில் 2:
மேலே நண்பர் கூறியது சரியே. ஆனால் பஞ்சுக்கு ஊதுவது மட்டும் போதாது. அது விசிறிக்கும், பிராசசரின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவே கம்பளிபோல் பின்னிக்கொள்வதால், மேலிருந்து ஊதினால் இன்னும் இறுகிவிடும். பிராசசர் சூடாகித் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வதற்கும், உங்கள் மென்பொருள் தாமதமாவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். விசிறியை மட்டும் தனியே கழற்ற முடிந்தால் கழற்றி, அந்தப் படலத்தின் ஓரத்தை ட்வீசரால் பிடித்து மெதுவாக உரித்தெடுங்கள். மிச்சத்தை மென்மையான பிரஷ்ஷால் தட்டலாம். ஹீட் சிங்க்கையே கழற்ற நேர்ந்தால், பிராசசருக்கும் அதற்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பசையான பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துப் புதிதாக வைக்காமல் மூடாதீர்கள். பவர் சப்ளை பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. இணைப்பைத் துண்டித்த பிறகும் அதன் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஒரு கணினியில் விசிறியைக் கழற்றியபோது, நீங்கள் கூறியபடியே சாம்பல் நிறப் படலம் முழுதாக உரிந்து வந்தது. மற்றவற்றுக்கு வீட்டு வேக்குவம் கிளீனர் உதவுமா?

பதில் 1:
அதன் பிளாஸ்டிக் முனையில் நிலைமின்சாரம் சேர்ந்து ரேம் போன்ற பாகங்களைக் கெடுக்கலாம் என்பதால், பெட்டியின் வெளிப்புற வலைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். சிபியுக்கள் தரையில் இருந்தால், பெருக்கும்போது கிளம்பும் தூசு முழுவதையும் முன்பக்க விசிறி உள்ளே இழுக்கும். எனவே முதலில் அவற்றை மேசைமேல் ஏற்றிவிடுங்கள்.