பிள்ளைகளோடு சேர்ந்து தொழில் செய்தால் கூலி கொடுப்பதா, இலாபத்தில் பங்கு தருவதா?

நிலாமுற்றம்:

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் மகளுக்கு 11 வயது, மகனுக்கு 7 வயது. விடுமுறையில் வீட்டிலேயே கையால் குறிப்பேடுகள் செய்து விற்கலாம் என்று மகள்தான் முதலில் சொன்னாள். எனக்கும் என் கணவருக்கும் அந்த யோசனை பிடித்திருக்கிறது. பணம் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்று நினைக்கிறோம். ஆனால் தொடங்குவதற்கு முன்பே சில கேள்விகளில் சிக்கிக்கொண்டோம். பிள்ளைகள் செய்யும் ஒவ்வொரு குறிப்பேட்டுக்கும் இவ்வளவு என்று கூலி கொடுப்பதா, கடைசியில் வரும் இலாபத்தில் பங்கு தருவதா? நட்டம் வந்தால் அதை யார் ஏற்பது? தாளை மடிப்பதும் அட்டையில் படம் வரைவதும் மட்டுமே செய்யக்கூடிய இளையவனுக்கு, தைப்பதிலிருந்து விற்பது வரை எல்லாவற்றிலும் கை கொடுக்கும் அக்காவுக்குச் சமமான பங்கு தந்தால் அது நியாயமா? இவற்றையெல்லாம்விட, இனிமேல் வீட்டில் ஒரு தட்டை எடுத்து வைப்பதற்குக்கூடக் காசு கேட்பார்களோ என்ற கவலையும் எனக்கு இருக்கிறது. இதைச் செய்து பார்த்தவர்கள் தங்கள் கருத்தைச் சொல்ல வேண்டுகிறேன்.

கணக்குப்பிள்ளை:

வணக்கம். கணக்கெழுதுவதே என் தொழில் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன். கூலியா பங்கா என்பதை முடிவு செய்வதற்கு முன்னால், முதல் போடுவது யார் என்பதை முடிவு செய்யுங்கள். பெரும்பாலான வீடுகளில் தாள், நூல், பசை, அட்டை எல்லாவற்றையும் பெற்றோர் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். விற்று வந்த பணம் முழுவதையும் பிள்ளை இலாபம் என்று எண்ணிக்கொள்கிறது. அப்படிச் செய்வதாக இருந்தால் இந்த முயற்சியே தேவையில்லை, அந்தப் பணத்தை நேரடியாகக் கையில் கொடுத்துவிடலாம்.

நீங்கள் தரும் முதலை வட்டியில்லாத கைமாற்றாக எழுதி வையுங்கள். எந்த நாணயமாக இருந்தாலும் சரி, 20 குறிப்பேடுகள் செய்ய 200 செலவாகிறது, ஒன்றை 16க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அடக்கவிலை ஒன்றுக்கு 10. பன்னிரண்டு விற்றாலும் கைக்கு வருவது 192 மட்டுமே. 13ஆவது விற்ற பிறகுதான் போட்ட முதல் திரும்புகிறது. இந்த 13 என்ற எண்ணை நீங்கள் சொல்லாதீர்கள், மகளே கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கட்டும். 15 விற்று 5 மீந்துவிட்டால் நிலைமை இன்னும் சுவையாக இருக்கும். விற்ற 15க்கும் சேர்த்து இலாபம் 90 என்று கணக்குச் சொல்லும், ஆனால் கைமாற்றைத் திருப்பிக் கொடுத்த பிறகு பெட்டியில் 40தான் இருக்கும். மீதி 50 எங்கே என்று பிள்ளை கேட்டால், அலமாரியில் இருக்கும் அந்த ஐந்து குறிப்பேடுகளைக் காட்டுங்கள். இலாபம் இருந்தும் கையில் காசு இல்லாமல் பெரிய நிறுவனங்களே திணறுவது இந்த இடத்தில்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன்: கூலி வேண்டாம், பங்கே கொடுங்கள். விற்றாலும் விற்காவிட்டாலும் கூலி வந்துவிடும் என்று தெரிந்த பிள்ளை, வாங்குபவருக்கு என்ன வேண்டும் என்று யோசிக்க வேண்டிய அவசியமே இருக்காது. பங்கு எவ்வளவு என்பதைத் தொடங்கும் முன்பே நான்கு பேரும் உட்கார்ந்து பேசி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடுங்கள். பணம் வந்த பிறகு பேசினால் சண்டைதான் மிஞ்சும். இளையவனுக்குச் சமபங்கு வேண்டுமா என்பதையும் அந்தப் பேச்சிலேயே அவர்கள் முன்வைக்கட்டும். நட்டத்தைப் பொறுத்தவரை, மகள் தன் சேமிப்பிலிருந்து தானாக விரும்பி ஏதாவது போட்டிருந்தால் அது மட்டுமே அவளுடைய நட்டம். கைமாற்றில் திரும்பாமல் போகும் மீதி உங்களுடையது. பிள்ளையைக் கடனாளியாக்கும் ஏற்பாடு எதுவும் வேண்டாம்.

இன்னொன்று. ஒரு குறிப்பேட்டுக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது என்றால் இருபதுக்கும் 15 மணி நேரம். எல்லாம் விற்றுப்போனாலும் இலாபம் 120தான்; அதாவது மணிக்கு 8, அதையும் நான்கு பேர் பகிர வேண்டும். அம்மா அப்பாவின் உழைப்பையும் ஏட்டில் ஏற்றச் சொல்லுங்கள். இந்த விலை போதுமா என்ற கேள்வி அப்போது பிள்ளையிடமிருந்தே வரும்.

கரும்பலகை:

நான் ஆசிரியர். மேலே நண்பர் சொன்ன கணக்கு முறையை முழுவதும் ஏற்கிறேன். ஆனால் 7 வயதுப் பையனைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1973ஆம் ஆண்டில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு ஆசிரியப் பயிற்சியில் அடிக்கடி பேசப்படும். படம் வரைவதில் இயல்பாகவே ஆர்வம் கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு குழுவிடம், வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு குழுவுக்கு எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாவது குழுவுக்கு எதுவுமே இல்லை. சில நாட்கள் கழித்து, யாரும் சொல்லாமல் தானாக வரையக் கிடைத்த நேரத்தில், முன்கூட்டியே வாக்குறுதி பெற்ற குழந்தைகளே மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். அங்கே பரிசு பணமாக இருக்கவில்லை என்பதையும், அந்தக் குழந்தைகள் உங்கள் மகனைவிடச் சிறியவர்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆயினும் ஓர் அட்டைப்படத்துக்கு இவ்வளவு என்று மட்டும் அவனிடம் பேசிவிடாதீர்கள். அவன் வரைய விரும்பும்போது வரையட்டும். பங்கு என்பது குடும்பத்தின் முயற்சியில் அவனும் ஒருவன் என்பதற்காக வரட்டும்.

வீட்டு வேலைக்குக் காசு கேட்பார்களோ என்ற உங்கள் கவலைக்கும் விடை இதை ஒட்டியதே. தட்டை எடுத்து வைப்பது வீட்டில் இருப்பவர் எல்லோருக்கும் உள்ள பொறுப்பு, அதற்கு விலை கிடையாது. குறிப்பேடு வெளியில் ஒருவருக்கு விற்பதற்காகச் செய்வது. இந்தக் கோட்டை முதல் நாளே போட்டு, நீங்களும் தாண்டாமல் இருந்தால் போதும். அவசரத்துக்கு ஒருநாள் ‘இதைச் செய்தால் காசு தருகிறேன்’ என்று சொல்லிவிட்டால் பிறகு அந்தக் கோடு நிற்காது.

நேரத்துக்கும் வரம்பு வேண்டும். 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 32ஆம் பிரிவு கல்விக்கு இடையூறாகும் வேலையிலிருந்து குழந்தைகளைக் காக்கச் சொல்கிறது. 31ஆம் பிரிவு ஓய்வையும் விளையாட்டையும் உரிமையாகவே குறிப்பிடுகிறது. உங்கள் வீட்டில் அப்படியொன்றும் நடக்கப் போவதில்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் தேவை மிகும்போது ‘இன்னும் பத்து மட்டும் முடித்துவிடு’ என்ற குரல் நம் வாயிலிருந்தே வந்துவிடும்.

தையலூசி:

இதுவரை யாரும் வாங்குபவரைப் பற்றிப் பேசவில்லை. உறவினர்கள் வாங்குவதை விற்பனை என்று கணக்கில் எடுக்காதீர்கள். அவர்கள் பிள்ளையின் முகத்துக்காக வாங்குகிறார்கள், ‘அருமை’ என்பதைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டார்கள். எங்கள் வீட்டிலும் குறிப்பேடுகள்தான் செய்தோம். அறிமுகமில்லாத ஒரு பெண்மணி எங்கள் மகன் நீட்டிய குறிப்பேட்டை வாங்கி, நடுப்பக்கத்தைத் திறந்து, மேசைமேல் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பார்த்தார். முதுகிலிருந்த பசை விரிந்து இரண்டு தாள்கள் கையோடு வந்தன. ‘எழுதும்போது விரித்து வைக்க முடியவில்லையே, தம்பி’ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவன் அன்றைக்குச் சுருங்கிப் போனான் என்பது உண்மை. ஆனால் மறுநாள் அவனே பசையை ஒதுக்கிவிட்டு, மடித்த தாள்களின் நடுவே ஊசியால் துளையிட்டு நூல் கோத்துத் தைக்க ஆரம்பித்தான். துளைகள் நேர்கோட்டில் வர வேண்டுமென்று ஓர் அட்டைத்துண்டில் புள்ளிகள் வைத்து அளவுகோலும் செய்துகொண்டான். நாங்கள் அதே குறையைப் பலமுறை சொல்லியிருந்தோம், அவன் காதில் ஏறியதில்லை.

இணையத்தில் விற்பதானால் கணக்கு உங்கள் பெயரில் இருக்கட்டும். வயது நிரம்பாதவர்கள் ஒப்பந்தம் செய்வதைச் சட்டங்கள் பொதுவாகக் கட்டுப்படுத்துகின்றன, பல சமூக ஊடகங்கள் 13 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதே இல்லை. பிள்ளைகளின் முகம், பள்ளிச் சீருடை, முகவரி எதுவும் படங்களில் வர வேண்டாம். குறிப்பேட்டைப் படமெடுத்தால் போதும்.

நிலாமுற்றம்:

மூவருக்கும் மிக்க நன்றி. கைமாற்று, எழுத்தில் ஒப்பந்தம், பங்கு என்று முடிவு செய்திருக்கிறோம். சமபங்கா என்று கேட்டபோது, தம்பிக்கு நான்கில் ஒரு பங்கு போதும் என்று மகள் சொன்னாள். அவனோ தன் படம் இல்லாவிட்டால் யார் வாங்குவார்கள் என்று கேட்டு மூன்றில் ஒரு பங்குக்கு வந்து நிற்கிறான். பேச்சு இன்னும் நடக்கிறது. ஒன்று மட்டும் தெளிவாகவில்லை: பாதியில் யாராவது ஒருவர் சலித்துப்போய் விலகினால் பங்கை என்ன செய்வது?

கணக்குப்பிள்ளை:

விலகும் நாளில் இருப்பைக் கணக்கெடுங்கள். அதுவரை விற்றதில் வந்த இலாபத்தில் அவருக்குரிய பங்கை உடனே கொடுத்துவிடுங்கள். முடிந்தும் விற்காத குறிப்பேடுகளில் அவருடைய உழைப்பும் இருப்பதால், அவை விற்கும்போது பழைய விகிதத்திலேயே பங்கு போக வேண்டும். பாதியில் நிற்பவற்றை அடக்கவிலைக்கு மற்றவர் எடுத்துக்கொள்ளலாம். இதையும் அந்த ஒப்பந்தத் தாளிலேயே சேர்த்துவிடுங்கள். விலகியவரைக் கடிந்துகொள்ளக் கூடாது என்று ஒரு வரியைச் சேர்ப்பதும் நல்லது, அது பெரும்பாலும் பெற்றோருக்குத்தான் பயன்படும். உங்கள் மகன் கேட்கும் மூன்றில் ஒரு பங்கைப் பொறுத்தவரை, படம் வரைந்த அட்டை பாதி, வெறும் அட்டை பாதி என்று செய்து எது முதலில் தீர்கிறது என்று பாருங்கள்.