டிகிரி இருக்கு, டீச்சிங் அனுபவம் இல்லை. தாய்லாந்து ஸ்கூல் வேலைக்கு 1.5 லட்சம் கேக்குறாங்க, கட்டலாமா?

பாதிரிக்குப்பம்_மேத்ஸ்

எல்லாருக்கும் வணக்கம். பி.எஸ்சி. கணிதம், ரெகுலர் காலேஜ், 2024ல முடிச்சேன், 78 சதவீதம். பி.எட். படிக்கல. எந்த ஸ்கூல்லயும் வேலை பார்த்ததில்ல. பாண்டியில ஒரு கன்சல்டன்சி, தாய்லாந்துல இங்கிலீஷ் டீச்சர் வேலை இருக்குன்னு சொல்றாங்க. மொத்தம் 1.5 லட்சம், இப்ப 50 ஆயிரம் முன்பணம். டூரிஸ்ட்டா போயிட்டு அங்கயே விசா மாத்திக்கலாமாம். வீட்டுல நகையை வெச்சுக் கட்டிடலாம்னு அம்மா சொல்றாங்க.

இது நிஜமா? அனுபவமே இல்லாதவங்களை வெளிநாட்டு ஸ்கூல்ல எடுப்பாங்களா? எந்த நாடு எனக்குச் சரியா வரும்? தெரிஞ்ச அண்ணா, அக்கா சொல்லுங்க.

கெடிலக்கரை

நகையை எடுத்து பீரோவுல வைக்கச் சொல்லும்மா முதல்ல.

இந்தியாவுல இருந்து வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுத்து அனுப்புறவங்க, 1983 குடிபெயர்வுச் சட்டப்படி வெளியுறவு அமைச்சகத்துல பதிவு பண்ணியிருக்கணும். டிகிரி படிச்சவங்க பாஸ்போர்ட் 'இசிஎன்ஆர்' வகை, அதனால உனக்குக் குடிபெயர்வு அனுமதி முத்திரை தேவையில்ல. அதைக் காட்டி "எங்களுக்கும் லைசென்ஸ் தேவையில்ல"ன்னு சில பேர் சொல்லுவாங்க. அது தப்பு. முத்திரை உனக்கு வேணுமா வேணாமாங்கிறது வேற, ஏஜென்ட்டுக்குப் பதிவு வேணுங்கிறது வேற. அமைச்சகத்தோட இ-மைக்ரேட் தளத்துல பதிவு பெற்ற ஏஜென்ட் பட்டியல் இருக்கு. அந்தக் கன்சல்டன்சி பேரை அதுல தேடு. நேர்லயும் லைசென்ஸ் எண்ணைக் கேளு. "மெயின் ஆபீஸ் சென்னையில இருக்கு, நாங்க பிராஞ்ச்"னு சொன்னா, அந்த மெயின் ஆபீஸ் பேர்லயே ரசீது கேளு. பதிவு பெற்றவங்க வாங்கக்கூடிய உச்சக் கட்டணமே 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். 1.5 லட்சம்னு கேட்டதுமே கணக்கு உதைக்குது.

அடுத்தது விசா. 2024 ஜூலையில தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா இல்லாம 60 நாள் நுழைவு கொடுத்துது. அது சுற்றிப் பார்க்க. அதுல பாடம் நடத்தினா சட்டவிரோத வேலை, மாட்டினா அபராதம், நாடு கடத்தல். டீச்சருக்கு 'நான்-பி' விசா. ஸ்கூல் அனுப்புற கடிதத்தை வெச்சுக் கிளம்புறதுக்கு முன்னாடியே இ-விசா தளத்துல விண்ணப்பிக்கணும். உண்மையான ஸ்கூலா இருந்தா அந்தக் காகிதத்தை அனுப்புறதுல அவங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்ல. "போய் மாத்திக்கலாம்"னா அந்தப் பக்கம் ஸ்கூலே இல்லன்னு சந்தேகப்படணும்.

பயமுறுத்துறேன்னு நினைக்காத. தாய்லாந்து வேலைன்னு கூட்டிட்டுப் போய், எல்லை தாண்டி மியான்மர்ல மியாவாடி பக்கம் ஆன்லைன் மோசடி வேலையில அடைச்சு வெச்சதைப் பத்தி 2022லயே வெளியுறவு அமைச்சகம் எச்சரிக்கை விட்டுது. படிச்ச பசங்களைத்தான் குறி வெச்சாங்க.

முத்தியால்பேட்டை_மணிக்கூண்டு

மேலே சொன்னது முழுக்கச் சரி. நான் நாடுகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

தங்கச்சி, "இங்கிலீஷ் டீச்சர்" என்ற சொல்லை மறந்துவிடுங்கள். அந்த வேலையில் பல நாடுகள் அனுபவத்தைப் பார்ப்பதற்கு முன்பே பாஸ்போர்ட்டைப் பார்க்கின்றன. கொரியாவின் இ-2 விசா அடிப்படையில் 7 நாட்டவருக்கானது: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. சீனாவும் ஆங்கில ஆசிரியர் என்றால் ஏறக்குறைய இதே பட்டியலைத்தான் பார்க்கிறது. மற்றப் பணிகளுக்குப் பட்டத்தோடு 2 ஆண்டு வேலை அனுபவம் கேட்கும். ஜப்பானில் ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர் 12 ஆண்டு ஆங்கிலவழியில் படித்ததைக் காட்ட வேண்டும். பள்ளியில் தமிழ்வழி படித்திருந்தால் அந்தக் கதவு அங்கேயே மூடிக்கொள்ளும்.

உங்கள் கையில் இருப்பது கணிதப் பட்டம். அதுதான் சரக்கு. தாய்லாந்தில் 'இங்கிலீஷ் புரோகிராம்' என்று தனிப்பிரிவு நடத்தும் பள்ளிகள் கணிதம், அறிவியலை ஆங்கிலத்தில் நடத்த ஆள் தேடுகின்றன. அங்கே பிலிப்பைன்ஸ்காரர்களோடுதான் உங்களுக்குப் போட்டி, இங்கிலாந்துக்காரரோடு அல்ல. பி.எட். இல்லாதவருக்கு, எந்தப் பட்டம் இருந்தாலும், பள்ளியே குருசபா என்ற ஆசிரியர் மன்றத்திடம் 2 ஆண்டுக்குத் தற்காலிக அனுமதி வாங்கித் தரும். ஆங்கிலத் திறனுக்குப் பெரும்பாலும் டோயிக் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் கேட்பார்கள். கல்வியாண்டு மே நடுவில் தொடங்குகிறது, இரண்டாம் பருவம் நவம்பரில். ஆகவே ஆள் எடுப்பு சூடாக இருப்பது மார்ச், ஏப்ரல், அப்புறம் அக்டோபர். டிசம்பரில் விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதில் வரவில்லை என்று மனம் உடைய வேண்டாம்.

ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது சம்பளத் தொகை அல்ல, எத்தனை மாதச் சம்பளம் என்பது. ஏஜென்சி வழியாகச் சேர்ந்தால் 10 அல்லது 11 மாதம் கொடுத்துவிட்டு விடுமுறை மாதத்தைக் கழித்துக்கொள்வது சகஜம். வாரத்துக்கு எத்தனை பீரியட், ஒர்க் பெர்மிட் செலவு யாருடையது, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நிறுவனமும் ஒர்க் பெர்மிட்டில் வரும் பெயரும் ஒன்றா என்பதையும் பாருங்கள். தாய்லாந்தர் அல்லாத, வெள்ளையரும் அல்லாத ஆசிரியருக்குச் சம்பளம் குறைவாகவே பேசுவார்கள். அநியாயம்தான், ஆனால் தெரிந்துகொண்டு போவது நல்லது.

வளைகுடா, மாலத்தீவு எல்லாம் பி.எட். இருந்தால் தான் பேச்சு. துபாயில் பாடப் பட்டத்தோடு ஆசிரியப் பயிற்சித் தகுதியும் கேட்கிறார்கள். இப்போதைய நிலையில் அங்கே கிடைப்பது உதவி ஆசிரியர் பணி, அதில் வாடகை கழிந்தால் மிச்சம் சொற்பம். சிங்கப்பூரில் எம்ப்ளாய்மெண்ட் பாஸுக்குக் குறைந்தபட்சச் சம்பளமே 2025 ஜனவரியிலிருந்து 5,600 சிங்கப்பூர் டாலர். புதுப் பட்டதாரிக்கு அது எட்டாக் கொம்பு.

லாஸ்பேட்டை_ஃபைல்

வேலை கிடைச்சும் கடைசியில காகிதத்துல கவுந்தவங்கதான் அதிகம். அதனால வேலை தேடுறதுக்கு முன்னாடியே இதெல்லாம் கையில இருக்கணும்.

பேர். நம்ம ஊர் தலைவலியே இனிஷியல்தான். மார்க் ஷீட்ல "எஸ். கவிதா"ன்னு இருக்கும், பாஸ்போர்ட்ல கவிதா ஒரு கட்டத்துல, அப்பா பேர் சர்நேம் கட்டத்துல. (கவிதா சும்மா உதாரணம்.) அங்க இருக்குற கிளார்க்குக்கு இனிஷியல்னா என்னன்னே தெரியாது, ரெண்டு ஆள்னு நினைச்சுத் திருப்பி அனுப்பிடுவாங்க. சர்நேம் கட்டம் காலியா இருந்தா இன்னும் மோசம். ஒத்தைப் பேர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவுல அமீரகம் 2022 நவம்பர்ல கட்டுப்பாடு கொண்டுவந்தது நினைவிருக்கும். இனிஷியலை விரிச்சு சர்நேம்ல போட்டு பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூ பண்ணிக்கோ. 36 பக்கத்துக்குச் சாதாரணக் கட்டணம் 1,500 ரூபாய். அப்புறம் டோயிக் பதிவு, டெஃபல் (ஆங்கிலம் நடத்துறதுக்கான பயிற்சி) சான்று, ரெஸ்யூமே எல்லாத்துலயும் பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே எழுத்து மாறாம.

டிகிரி. 2024ல முடிச்சேன்னு சொல்ற, கையில இருக்குறது புரொவிஷனலா, பட்டமளிப்புச் சான்றா? அட்டெஸ்டேஷனுக்கு, அதாவது சான்று உண்மைதான்னு அரசு முத்திரை வாங்குறதுக்கு, ஒரிஜினல் பட்டம் வேணும். பல்கலைக்கழகத்துல இன்னும் வாங்கலன்னா இன்னிக்கே விண்ணப்பம் போடு, அது வர்ற நேரம் நம்ம கையில இல்ல.

அட்டெஸ்டேஷன் முதல்ல மாநில அரசு, அப்புறம் வெளியுறவு அமைச்சகம். இதுல கடலூர்க்காரங்க வழுக்கி விழுற இடம் ஒண்ணு இருக்கு: வீடு எங்கங்கிறது முக்கியமில்ல, பட்டம் கொடுத்த பல்கலைக்கழகம் எங்கங்கிறதுதான் முக்கியம். கடலூர்ல வீடு, படிச்சது பாண்டி காலேஜ்னா புதுச்சேரி வழியா போகணும். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைப் பட்டம்னா தமிழ்நாடு வழியா. அப்புறம், அப்போஸ்டில்னு ஒரே முத்திரையை ஏத்துக்குற ஒப்பந்தத்துல இருக்குற நாடுன்னா (சவுதி, ஓமன், பஹ்ரைன்) அந்த ஒரு ஸ்டிக்கரோட வேலை முடிஞ்சுது. அமீரகம், கத்தார், குவைத்துக்குத் தூதரக முத்திரையும் வேணும். எந்த நாடுன்னு முடிவாகாம அட்டெஸ்டேஷன் பண்ணா காசு வீண்.

கூடவே காலேஜ்ல பயிற்றுமொழி ஆங்கிலம்னு ஒரு கடிதம் வாங்கி வை, முதல்வர் கையெழுத்து, சீல், லெட்டர்ஹெட். இலவசம். ஆனா காலேஜ்ல ஆள் மாறினப்புறம் போய் நின்னா நாய் படாத பாடு.

போலீஸ் கிளியரன்ஸ் பாஸ்போர்ட் சேவா தளத்துல 500 ரூபாய். இதை மட்டும் சீக்கிரம் எடுக்காத. 3 மாசம், 6 மாசத்துக்கு மேல பழசா இருந்தா நிறைய இடத்துல ஏத்துக்க மாட்டாங்க. ஆஃபர் வந்தப்புறம் எடுத்தா போதும்.

பாதிரிக்குப்பம்_மேத்ஸ்

ரொம்ப நன்றி. லைசென்ஸ் எண் கேட்டதுக்கு "நேர்ல வாங்க பேசலாம்"னு மட்டும் பதில் வந்துது. பணம் கட்டப் போறதில்ல.

புரொவிஷனல்தான் இருக்கு. இன்னும் ரெண்டு கேள்வி. 120 மணி நேர டெஃபல் கோர்ஸ் ஆன்லைன்ல 2,000 ரூபாய்க்கு விளம்பரம் வருது, எடுக்கலாமா? டெமோ கிளாஸ்ல என்ன செய்யணும்? அனுபவமே இல்லாம எப்படி நடத்துறது?

கரும்பலகை

2,000 ரூபாய் டெஃபல் "120 மணி" என்று அச்சடித்த ஒரு காகிதம். ஒர்க் பெர்மிட் கோப்பில் அந்தக் கட்டத்தை நிரப்ப உதவலாம், பாடம் நடத்தக் கற்றுத் தராது. வித்தியாசம் எங்கே என்றால் நேரில் மாணவர்கள் முன் நடத்திய வகுப்பு இருக்கிறதா என்பதில். கேம்பிரிட்ஜின் செல்டா என்ற ஆசிரியப் பயிற்சியில் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு நடத்தி, ஒவ்வொரு வகுப்பையும் பயிற்சியாளர் உட்கார்ந்து மதிப்பிடுவார். 4 எழுத்துப் பணிகளும் உண்டு. அனுபவமில்லாதவருக்கு அந்த 6 மணி நேரம்தான் அனுபவம். ஆனால் செலவு அதிகம், அது பெரியவர்களுக்கு ஆங்கிலம் நடத்துவதற்கான பயிற்சி. கணித வேலைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அந்தக் காசும் நேரமும் டெமோவில் போகட்டும்.

டெமோ பெரும்பாலும் 10 முதல் 15 நிமிடம், வீடியோவில். பின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 9 வயதுப் பிள்ளை, ஆங்கிலம் அரைகுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கணம் மாதிரி "நியூமரேட்டர், டினாமினேட்டர்" என்று தொடங்கினால் அங்கேயே முடிந்தது. ஒரே நீள அகலத்தில் 3 காகிதப் பட்டை. ஒன்றை 2 ஆக, ஒன்றை 4 ஆக, ஒன்றை 8 ஆக மடியுங்கள். ஒரு பங்கை மட்டும் வண்ணம் தீட்டி கேமரா முன் பிடியுங்கள். பிறகு கேளுங்கள்: நாலில் ஒன்று பெரிதா, எட்டில் ஒன்று பெரிதா? பாதிப் பிள்ளைகள் எட்டில் ஒன்று என்பார்கள், 8 பெரிய எண் அல்லவா! அந்தத் தவறான பதிலை வரவழைத்து, பட்டைகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்து அவர்களே பார்த்துத் திருத்திக்கொள்ளும்படி செய்வதுதான் உங்கள் டெமோவின் உயிர். நேர்காணல் செய்பவர் அந்த ஒரு நிமிடத்தைத்தான் பார்க்கிறார். "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள். எல்லாரும் தலையாட்டுவார்கள், அதில் ஒன்றும் தெரியாது. "ஆறில் ஒன்று எங்கே வரும்?" என்று கேட்டால் புரிந்தவர் யார் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது நம் ஊர்க் கணித ஆங்கிலம். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. பெருக்கலுக்கு நாம் "த்ரீ இண்டு ஃபோர்" என்போம். வெளியே "இண்டு" என்றால் வகுத்தல் நினைவுக்கு வரும். "த்ரீ டைம்ஸ் ஃபோர்" என்று பழகுங்கள். முக்காலை "த்ரீ பை ஃபோர்" என்று சொல்லாமல் "த்ரீ குவார்ட்டர்ஸ்". லட்சம், கோடி அங்கே கிடையாது, கமா மூன்று மூன்று இலக்கமாக: 1,00,000 அல்ல, 100,000. உச்சரிப்பில் "எம்", "என்" எழுத்துகளை "யெம்", "யென்" என்பதும், "ஜீரோ"வில் வர வேண்டிய இசட் ஒலியை ஜே ஒலியாக்குவதும் இரண்டே வாரம் பதிவு செய்து கேட்டால் மாறிவிடும். உச்சரிப்பை அமெரிக்கா மாதிரி மாற்ற முயலாதீர்கள், அது இன்னும் கேவலமாக ஒலிக்கும். மெதுவாக, சின்ன வாக்கியமாகப் பேசினால் போதும்.

தெருப் பிள்ளைகள் நாலு பேரை உட்கார வைத்து இதையே 5 தடவை நடத்தி, கடைசித் தடவையை ஃபோனில் பதிவு செய்யுங்கள். அந்த வீடியோ இணைப்பை விண்ணப்பத்தில் கொடுத்தால் ரெஸ்யூமேயில் "அனுபவம்: இல்லை" என்ற வரி அவ்வளவாகக் கண்ணில் படாது.

மஞ்சக்குப்பம்_டெபோ

எல்லாரும் கிழக்கையே பாக்குறீங்க. பாண்டி பக்கத்துல இருந்துட்டு பிரெஞ்சை விட்டுட்டீங்களே. பிரான்ஸ் பள்ளிகள்ல ஆங்கில மொழி உதவியாளர் திட்டம் இருக்கு, இந்தியர்களும் போறாங்க. வாரம் 12 மணி நேரம், அக்டோபர் 1ல இருந்து ஏப்ரல் 30 வரை 7 மாசம். முன் அனுபவம் கேக்குறதில்ல, பிரெஞ்சு பி1 நிலை வேணும். அந்த நிலைக்கான டெல்ஃப் பி1 பிரெஞ்சுத் தேர்வு 4 பகுதி, ஒவ்வொண்ணும் 25; மொத்தம் 50 எடுக்கணும், எந்தப் பகுதியிலயும் 5க்குக் கீழ போகக் கூடாது. பாண்டியில அலியான்ஸ் பிரான்சேஸ்ங்கிற பிரெஞ்சு மொழி மையத்துல படிக்கலாம்.

முத்தியால்பேட்டை_மணிக்கூண்டு

@டெபோ, திட்டம் நல்லதுதான். ஆனால் பிரெஞ்சை அ, ஆவிலிருந்து தொடங்கி பி1 வர, வேறு வேலை பார்த்துக்கொண்டே படித்தால், ஒன்றரை ஆண்டாவது ஆகும். உதவித்தொகையில் வாடகையும் சாப்பாடும்தான் நடக்கும், வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாது. 8ஆம் வகுப்பிலிருந்தே பிரெஞ்சு எடுத்த பாண்டிப் பிள்ளைகளுக்கு லட்டு. இந்தத் தங்கச்சிக்கு அல்ல.

அதே ஒன்றரை, இரண்டு ஆண்டைப் போடுவதானால் பி.எட். போடலாம். 2023லிருந்து இங்கிலாந்தில் இந்தியக் கணித, அறிவியல், மொழி ஆசிரியர்கள் கியூடிஎஸ் என்ற ஆசிரியர் தகுதிக்கு நேரடியாக விண்ணப்பிக்கலாம். அதற்குப் பட்டம், ஆசிரியப் பயிற்சி, குறைந்தது ஓராண்டு பள்ளி அனுபவம் மூன்றும் வேண்டும். கணிதத்துக்கு அங்கே எப்போதும் ஆள் தட்டுப்பாடு.

லாஸ்பேட்டை_ஃபைல்

பி.எட். போனாலும் தாய்லாந்து போனாலும் பட்டமளிப்புச் சான்று வேணும்மா. திங்கக்கிழமை காலேஜ் போய் அதுக்கான விண்ணப்பத்தையும் பயிற்றுமொழிக் கடிதத்தையும் சேர்த்தே கேட்டுடு. பட்டத்துல பேர் எப்படி அச்சாகணும்னு ஃபார்ம்ல கேப்பாங்க, 12ஆம் வகுப்பு மார்க் ஷீட்டைக் கையில வெச்சுட்டு எழுது.

பாதிரிக்குப்பம்_மேத்ஸ்

சரிங்க அண்ணா. 12ஆம் வகுப்பு மார்க் ஷீட்ல இனிஷியல் பேருக்கு முன்னாடி இருக்கு, காலேஜ் மார்க் ஷீட்ல பின்னாடி இருக்கு. இது பிரச்சனையா?

லாஸ்பேட்டை_ஃபைல்

முன்னாடி, பின்னாடி பரவாயில்ல. எழுத்துதான் மாறக் கூடாது. அப்பா பேரோட இங்கிலீஷ் ஸ்பெல்லிங் பாஸ்போர்ட்லயும் ஆதார்லயும் ஒண்ணா இருக்கான்னு இப்பவே பாத்துடு.