பெரில் புயலில் கூரை சேதம்: இன்சூரன்ஸ் மறு ஆய்வு கேட்டவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஹூஸ்டன் அருகே சுகர்லேண்டில் இருக்கிறோம். 2024 ஜூலை 8 பெரில் புயலில் ஓக் மரக்கிளை ஒன்று எங்கள் கூரைமேல் முறிந்து விழுந்தது. மகள் அறையின் சீலிங் ஊறித் தொங்குகிறது, கீழே வாளி வைத்திருக்கிறோம். அவள் எங்களோடுதான் தூங்குகிறாள். அன்றே போட்டோ எடுத்து, தார்ப்பாய் போட்டு மூடினேன். பில்லும் பத்திரமாக இருக்கிறது.

சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய அட்ஜஸ்டர் வந்து இருபது நிமிடம் பார்த்துவிட்டு, பாதிக் கூரைக்குத்தான் தொகை எழுதியிருக்கிறார். புயல் சேதத்துக்கு டிடக்டிபிள், அதாவது நாங்களே ஏற்க வேண்டிய பங்கு, காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம். எங்கள் 4 லட்சம் டாலர் காப்பீட்டுக்கு 8,000 டாலர் எங்கள் கையிலிருந்து. அதற்கு மேல் கூரை பழையது என்று தேய்மானம் வேறு கழித்துவிட்டார்கள். கைக்கு வருவது சொற்பம்.

டிடக்டிபிளைத் தானே சரிக்கட்டுவதாக கூரை வேலை செய்யும் ரூஃபர் ஒருவர் சொன்னார். டெக்சாஸில் அது சட்டப்படி குற்றம், வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன்.

மறு ஆய்வு கேட்டுத் தொகை கூடியவர்கள் இருக்கிறீர்களா? என்ன ஆதாரம் கொடுத்தீர்கள்? நம் சார்பில் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் பேசும் பப்ளிக் அட்ஜஸ்டர் ஒருவர் கிடைக்கும் தொகையில் 10 சதவீதம் கேட்கிறார், வைத்துக்கொள்ளலாமா? அப்புறம், கம்பெனி பிடித்து வைத்த தேய்மானத் தொகை, கூரை வேலை முடிந்த பிறகு எத்தனை நாளில் உங்களுக்கு வந்தது? அடுத்த புயலுக்குள் கூரையைச் சரிசெய்ய வேண்டும். தெரிந்ததைச் சொல்லுங்கள்.