16 கோர் பிராசசருக்கு இடைநிலை மதர்போர்டு: ஃபேஸ் எண்ணிக்கையை நம்பலாமா?

இரவுக்கணினி (கேள்வி):

வணக்கம். ரைசன் 9 9950எக்ஸ் பிராசசரை வாங்கி வைத்துவிட்டு, அதற்கேற்ற மதர்போர்டைத் தேர்ந்தெடுக்க முடியாமல் இரண்டு வாரமாகத் திணறிக்கொண்டிருக்கிறேன். உச்ச விலையில் வரும் போர்டுகள் எனக்குத் தேவையில்லை. பி650 சிப்செட் (யு.எஸ்.பி. போன்ற இணைப்புகளைக் கவனிக்கும் சில்) கொண்ட இரண்டு போர்டுகள் இறுதியாக நிற்கின்றன. முதலாவதில் 12+2 ஃபேஸ் (மின்சாரத்தை மாற்றித் தரும் சுற்றுகள்; 12 பிராசசரின் கோர்களுக்கு, 2 பிற பகுதிகளுக்கு), ஒவ்வொரு பவர் ஸ்டேஜும், அதாவது ஃபேஸில் மின்னோட்டத்தைச் சுமக்கும் சில்லும், 60 ஆம்பியர். இரண்டாவதில் 14+2 ஃபேஸ், 80 ஆம்பியர். இரண்டிலும் எஸ்.எஸ்.டி. செருகும் எம்.2 ஸ்லாட்டுகள் மூன்று உள்ளன. பகலில் கம்பைல் வேலையும் இரவில் ரெண்டரிங்கும் இருப்பதால் கணினி மணிக்கணக்கில் முழுச் சுமையில் ஓடும். லிக்விட் கூலர் பொருத்துவேன், 32 ஜி.பி. ராம் ஸ்டிக் நான்கைப் போட்டு 6000 வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பது திட்டம். ஃபேஸ் அதிகமுள்ள இரண்டாவது போர்டையே எடுத்துவிடலாமா?

மின்சுற்றன்:

அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். 170 வாட் டி.டி.பி. (கூலர் கையாள வேண்டிய வெப்ப அளவு) கொண்ட பிராசசருக்கு ஏ.எம்5 சாக்கெட்டில் ஏ.எம்.டி. வகுத்திருக்கும் மின்சக்தி வரம்பு 230 வாட். தொடர்ந்து இழுக்கும் மின்னோட்டம் 160 ஆம்பியர், கணநேர உச்சம் 225 ஆம்பியர். அந்த 160 ஆம்பியரை 12 ஸ்டேஜுகள் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 ஆம்பியரும், 14 ஸ்டேஜுகள் பகிர்ந்துகொண்டால் 11 ஆம்பியருக்குச் சற்றே கூடுதலாகவும் வரும். 60 ஆம்பியர் தாங்கும் பாகத்திடம் 13 ஆம்பியர் கேட்கிறோம் என்றால், 80 ஆம்பியர் பாகத்தால் உங்களுக்குக் கிடைக்கப்போகும் நன்மை மிகச் சிறிது. மேலும் 14 என்று அச்சிட்டிருந்தாலும் கன்ட்ரோலரிலிருந்து 7 சிக்னல்களே புறப்பட்டு, ஒவ்வொன்றும் இரண்டு ஸ்டேஜுகளை ஒன்றாக இயக்குவதும் உண்டு. அதை ஏமாற்று என்று நான் சொல்லமாட்டேன், ஏனெனில் வெப்பம் உண்மையாகவே பிரிந்து போகிறது; ஆனால் அதைத் தனித்தனி 14 ஃபேஸ் என்று எண்ணிக்கொள்வதும் சரியல்ல.

நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியது வி.ஆர்.எம். (இந்த ஃபேஸ்கள் எல்லாம் சேர்ந்த மின்மாற்றப் பகுதி) மீது அமர்ந்திருக்கும் ஹீட்சிங்கை. அழகுக்காக மேலே போர்த்திய பிளாஸ்டிக்கைக் கழித்துவிட்டால் மிஞ்சும் உலோகம் எவ்வளவு, அதில் காற்று நுழைந்து வெளியேற வெட்டுகள் இருக்கின்றனவா, இரண்டு ஹீட்சிங்குகளையும் ஹீட்பைப் இணைக்கிறதா என்று படங்களை உற்றுப் பாருங்கள். மின்மாற்றத்தில் பத்தில் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது என்று வைத்துக்கொண்டாலே, 230 வாட் சுமையில் இருபது வாட்டுக்கு மேல் அந்தச் சிறிய இடத்திலிருந்து வெளியேற வேண்டியிருக்கும். ஏர் கூலர் என்றால் அதன் விசிறிக் காற்று போகிற போக்கில் வி.ஆர்.எம். பகுதியையும் தொட்டுவிட்டுப் போகும். லிக்விட் கூலரில் அந்த இலவசக் காற்று கிடையாது என்பதை மதர்போர்டு வாங்கும்போது பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். ரேடியேட்டரைக் கேபினெட்டின் மேற்புறத்தில் காற்றை வெளியேற்றும் வகையில் பொருத்தினால் ஓரளவு ஈடாகும். விமர்சனங்களில் அரை மணி நேரமாவது முழுச் சுமை கொடுத்து வி.ஆர்.எம். வெப்பத்தை அளந்தவற்றை மட்டும் படியுங்கள். ஐந்து நிமிடச் சோதனையில் எந்த ஹீட்சிங்கும் தேறிவிடும்.

பழையபலகை:

ராம் திட்டத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். 9950எக்ஸுக்கு ஏ.எம்.டி. அறிவித்துள்ள வேகம் இரண்டு ஸ்டிக்குகளுக்கு 5600. நான்கு ஸ்டிக்குகள் போட்டால் அது 3600 ஆக இறங்குகிறது. சிலர் நான்கையும் 6000இல் ஓட்டியிருக்கிறார்கள், ஆனால் அது அதிர்ஷ்டத்தையும் பொறுமையையும் பொறுத்தது. இரவெல்லாம் ரெண்டரிங் ஓடும் கணினியில் அந்தச் சூதாட்டம் எதற்கு? 48 ஜி.பி. ஸ்டிக் இரண்டு போட்டால் 96 ஜி.பி. கிடைத்துவிடும்.

இன்னொன்று, எம்.2 ஸ்லாட்டுகளை எண்ணாதீர்கள், அவை எங்கிருந்து பாதை எடுக்கின்றன என்று பாருங்கள். பிராசசரிலிருந்து நேராக வரும் ஸ்லாட்டுக்கு முழு வேகமும் சொந்தம். சிப்செட் வழியாக வருபவை அனைத்தும், யு.எஸ்.பி., சாட்டா, லேன் உட்பட, பி.சி.ஐ.இ 4.0 x4 (நான்கு பாதைகள் கொண்டது) என்ற ஒரே இணைப்பின் வழியாகத்தான் பிராசசரை அடைய வேண்டும். அதன் கொள்ளளவு நொடிக்குச் சுமார் 8 ஜிகாபைட். சில போர்டுகளில் ஓர் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் கிராபிக்ஸ் ஸ்லாட் x8 ஆகக் குறையும். இவையெல்லாம் பெட்டியின் மீது இருக்காது, கையேட்டில் சிறிய எழுத்தில் அடிக்குறிப்பாக இருக்கும்.

இரவுக்கணினி:

இருவருக்கும் நன்றி. கையேடுகளைத் தரவிறக்கிப் பார்த்தேன். 14+2 போர்டில் மூன்றாவது எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் கீழேயுள்ள x4 ஸ்லாட் முடங்கிவிடும் என்று எழுதியிருக்கிறது. நான் நெட்வொர்க் கார்டு போடவிருந்ததே அந்த ஸ்லாட்டில்தான். 12+2 போர்டில் அந்தச் சிக்கல் இல்லை, ஹீட்சிங்கும் வெட்டுகளுடன் கனமாகத் தெரிகிறது. எனவே முதலாவதையே எடுக்கிறேன், ராம் 48 ஜி.பி. இரண்டு. ஒரே ஒரு கவலை: போர்டு 2022ஆம் ஆண்டின் தயாரிப்பு, பிராசசரோ 2024இல் வந்தது. போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸ் பழையதாக இருந்தால் அதை ஏற்றுக்கொள்ளுமா?

மின்சுற்றன்:

பெட்டியில் பழைய பயாஸ் இருந்தால் ஏற்காது. அதனால்தான் பின்பக்கத்தில் பயாஸ் ஃப்ளாஷ்பேக் பொத்தான் உள்ளதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். அது இருந்தால் பிராசசரே பொருத்தாமல் பென் டிரைவிலிருந்து புதிய பயாஸை ஏற்றிவிடலாம். பென் டிரைவ் எஃப்.ஏ.டி.32 வடிவில் இருக்க வேண்டும், கோப்பின் பெயர் கையேடு சொல்லும்படியே இருக்க வேண்டும், அதற்கென்று குறியிட்ட யு.எஸ்.பி. துளையில்தான் செருக வேண்டும்.

பழையபலகை:

முதல் முறை இயக்கும்போது திரை பல நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கும், டிராம் என்ற சிறு விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். ராமின் நேர அளவுகளைப் போர்டு தானாகப் பழகிக்கொள்ளும் நேரம் அது. நான் இது தெரியாமல் இரண்டு முறை மின்சாரத்தை நிறுத்தி, ஸ்டிக்குகளைக் கழற்றி மாட்டி, போர்டு செத்துவிட்டது என்று திருப்பி அனுப்பவே துணிந்துவிட்டேன். அதே நாளில் எம்.2 ஹீட்சிங்கின் அடியிலுள்ள தெர்மல் பேடின் மெல்லிய பிளாஸ்டிக் தாளை உரிக்காமலே திருகி மூடியிருந்தேன், எஸ்.எஸ்.டி. ஏன் கொதிக்கிறது என்று ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்த்தபோது தாள் பேடோடு ஒட்டி அப்படியே இருந்தது. மூன்று ஸ்லாட்டுகளிலும் உரித்துவிட்டீர்களா என்று மூடுவதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.